ஆற்றங்கரையா, புது ஆறா, கோடியக்கரையா: திருச்சியிலிருந்து மண்பாதையில் சைக்கிள் விட எது சரி?

கிராவல் சைக்கிள் வாங்கிய டெல்டாக்காரர்களுக்கு முதல் மாதமே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. ரேஸ் சைக்கிளுக்கு உள்ள வளைந்த ஹேண்டில், அதைவிட நல்ல அகலமான டயர், மண்ணிலும் சரளையிலும் ஓடும் என்ற தைரியம் எல்லாம் சரி. இதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? பச்சைமலையும் கொல்லிமலையும் ஏற்றத்தை விரும்புகிறவர்களுக்கு. சமதரையில், மரத்தடியில், லாரி ஹாரன் கேட்காமல் நாலு மணி நேரம் மிதித்துவிட்டு வர வேண்டும் என்பவர்கள் திருச்சியில் கேட்டால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: முக்கொம்பிலிருந்து கல்லணை வரை ஸ்ரீரங்கம் தீவின் ஆற்றங்கரைகள், கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர் போகும் புது ஆற்றின் கரை, கடலோரத்தில் கோடியக்கரைக் காடு.

மூன்றும் நல்ல இடங்கள். ஆனால் ஒரே மாதத்தில் மூன்றும் நன்றாக இருப்பதில்லை. எங்கே போகலாம் என்று கேட்கும் முன் எப்போது போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதியைக் கீழே பிரித்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

மண். டெல்டா முழுக்க ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். காவிரியும் வெண்ணாறும் காலங்காலமாகப் பாய்கிற பழைய டெல்டா வண்டலும் களியும். புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகு பாசனம் பெற்ற புது டெல்டா, தெற்கே கொஞ்சம் மேடான பகுதி. அங்கே செம்மண்ணும் சரளையும்தான் அதிகம். சைக்கிளுக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

நனைந்த களியில் என்ன நடக்கும் என்றால், முதலில் டயரின் பட்டன்களுக்கு நடுவே மண் அப்பும். அதன்மேல் கரையில் கிடக்கும் வைக்கோல் ஒட்டும். வைக்கோலின் மேல் மறுபடி மண். ஒரு நூறடி போவதற்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி அடைந்துபோய், சக்கரம் சுற்றாமல் இழுபடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு உருட்டினால் பத்தடியில் மறுபடியும் அதே கதை. அதற்குமேல் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எவ்வளவு விலை கொடுத்த வண்டியானாலும் இதில் தப்பாது. செம்மண் கரை அப்படியில்லை. மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், இறுகிவிடும்.

தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது மரபு; இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாள் பிடிக்கும். அணை திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில், ஆறு வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். அந்த வண்டல் முழுவதையும் பொக்லைன் அள்ளிக் கரையில்தான் கொட்டும். போன வாரம் வழவழவென்று இருந்த பாதை இந்த வாரம் முழங்கால் உயர மண்மேடாக இருக்கும். தூர்வாரிய கரை முதல் மழையில் சொதசொதவென்று ஆகி, மாட்டு வண்டியும் டிராக்டரும் நடந்து நடந்து படிய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஜூன் மாதம் கரைக்குப் போகிறவர்கள்தான் "டெல்டாவில் கிராவல் ஓட்டவே முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நிழல், முள், கண்ணாடி. நிழல் எந்த மாதம் எந்த மரத்திலிருந்து என்பதைப் பார்க்க வேண்டும். முள்ளில் இரண்டு வகை: சீமைக் கருவேலம், நெருஞ்சி. கண்ணாடி என்றால் உடைந்த பாட்டில்.

விலகி வர வழி. பஞ்சரோ மயக்கமோ வந்தால் எத்தனை தூரத்தில் தார் ரோடு, பஸ், ரயில் ஸ்டேஷன்? இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் மேல்காற்று கிழக்கு நோக்கித் தள்ளும். போகும்போது பறக்கலாம், வரும்போது ஆடிக் காற்றை எதிர்த்து மிதிப்பது மலையேறுவதைவிடக் கஷ்டம்.

யாருடைய இடம். ஆற்றங்கரையும் கால்வாய்க் கரையும் நீர்வளத் துறை ஆய்வு வண்டி போய்வரப் போட்டவை; ஊர் ஜனமும் விவசாயிகளும் புழங்குகிறார்கள். காப்புக்காடும் சரணாலயமும் வேறு கணக்கு. அங்கே சட்டம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும்.

## முதல் வழி: ஸ்ரீரங்கம் தீவின் கரைகள்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் நடுவே கல்லணை வரை நீண்டு கிடப்பதுதான் ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பும் கல்லணையும் ஊரிலிருந்து ஆளுக்கொரு திசையில், சுமார் இருபது கி.மீ.க்குள். ஆகவே விடியக் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

மேற்குப் பாதியில் மேலூர்ப் பக்கம் மேலணைக் காப்புக்காடு இருக்கிறது. 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இந்தக் காட்டுக்குள்தான், 25 ஏக்கரில். பெருநகரத்தை ஒட்டிய சமதளக் காடு என்று திருச்சியில் சொல்லத்தக்கது இது ஒன்றே. காட்டுக்குள் சைக்கிளை இறக்கக் கூடாது. ஓரத்துச் சாலையிலும் ஆற்றங்கரையிலும் போகலாம். அந்த ஓரமே போதும். ஒரு பக்கம் மூங்கில், ஒரு பக்கம் வாழைத் தோட்டம், நடுவே கரை.

கிழக்குப் பாதி திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. இதில் பெரும்பகுதி தார் ரோடு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்பாதை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்: கொள்ளிடத்துப் படுகைக்கு இறங்கும் வண்டிப்பாதை, தோப்புகளுக்கு நடுவே போகும் பாதை, மதகுகளை ஒட்டிய கரை. நாற்பது கி.மீ. ஓட்டினால் அதில் பாதிக்கும் குறைவாகவே மண் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அது குறையல்ல. மண்ணில் பழகிக்கொண்டே தாரில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

மறைவான செலவுகளுக்கு வருவோம். மூன்று வழிகளிலும் டியூப் அதிகம் தின்பது இந்தக் கரைதான். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து குடிப்பவர்கள் உடைத்த பாட்டில் படித்துறைகளைச் சுற்றியும் பாலத்தடியிலும் சிதறிக் கிடக்கும். முள் குத்தினால் டியூபில் ஓட்டை. கண்ணாடி கீறினால் டயரே போய்விடும். இரண்டாவது, மணல் லாரி ஓடிய இடங்களில் கரை பொடிந்து புழுதியாகிவிடும். காய்ந்த நாளில் முன்சக்கரம் அதில் அலையும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆடிப்பெருக்கு வாரம் முக்கொம்பு, கல்லணை இரண்டுமே சைக்கிளுக்கு ஆகாது. ஞாயிறு என்றால் காலை எட்டு மணிக்கு முன்னே கல்லணையைத் தாண்டிவிடுவது உத்தமம். அங்கே வறுத்த மீன் வேண்டும் என்பவர்கள் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெள்ளக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை அது; பிறகு புதிய கதவணை கட்டினார்கள். கொள்ளிடம் வருஷத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் வேகம் மறந்துபோகும். மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்த நாளில் படுகைக்குள் இறங்காதீர்கள். தரைப்பாலத்தில் கணுக்கால் அளவுதானே ஓடுகிறது என்று சைக்கிளை விடாதீர்கள். சேற்றைக் கழுவ ஆற்றில் இறங்குவதிலும் கவனம் தேவை. கொள்ளிடத்தில் முதலை உண்டு.

## இரண்டாம் வழி: புது ஆற்றின் கரை

கல்லணையில் நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று அடுத்தடுத்து மதகுகள் தெரியும். கடைசியில் தெற்கே திரும்புவது புது ஆறு. காகிதத்தில் அதன் பெயர் கல்லணைக் கால்வாய். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1934-ல் தண்ணீர் விட்டது. நீளம் சுமார் 148 கி.மீ. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ஒட்டி ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளைத் தாண்டி புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போய் முடிகிறது.

மூன்றில் ஏன் இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன் என்றால், இது ஆறல்ல, வெட்டிய வாய்க்கால். பழைய ஆறுகள் எட்டாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காக, டெல்டாவின் தென் விளிம்பில் உயரம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். ஆகவே வெட்டிய மண்ணும், வெட்டிக் கரையில் போட்ட மண்ணும் பெரும்பாலும் செம்மண். கரைமேல் பாதை, அதுவும் சமதளம், அதுவும் நீர் வடியும் மண். கிராவல் டயருக்காகவே போட்டுவைத்த கிராவல் ரோடு என்று சொல்லலாம். கல்லணையிலிருந்து தஞ்சாவூருக்கு நாற்பது, நாற்பத்தைந்து கி.மீ. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவே மண் விடாமல் தொடர்ந்து கிடைக்கிற நீளம் தீவின் கரைகளில் ஒருபோதும் கிடைக்காது.

காடும் உண்டு. டெல்டாவின் கால்வாய்க் கரைகளில் வனத்துறை தேக்கு வளர்க்கிறது. புது ஆற்றங்கரையில் பல இடங்களில் வரிசை வரிசையாகத் தேக்கு நிற்கும். இடையிடையே தைலமரம், புளி, வேம்பு. ஆவணி புரட்டாசியில் தேக்கு இலை பெரிது பெரிதாக விரிந்து பாதையை மூடியிருக்கும்போது, பக்கத்தில் கால்வாய் கரைபுரள ஓடும்போது, டெல்டாவில் இதற்கு ஈடான சைக்கிள் பாதை கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் தேக்கு இலையுதிர் மரம். தை பிறந்ததும் உதிர்க்கத் தொடங்கி, மாசி பங்குனியில் மொட்டையாக நிற்கும். பாதை நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கிற மாதங்களில் தலைக்குமேல் நிழல் இல்லை. நிழல் இருக்கிற மாதங்களில் மண் ஈரம். புது ஆற்றங்கரையில் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொண்டுதான் நாளைக் குறிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி நடு வரை: அடைமழை ஓய்ந்திருக்கும், பனி விலகும் நேரத்துக்குக் கிளம்பினால் பத்து மணி வரை வெயில் உறைக்காது, இலை பாதி இன்னும் மரத்திலேயே இருக்கும். உதிர்ந்த இலைக் குவியலைக் கண்டால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். அடியில் பள்ளமோ கல்லோ இருப்பது தெரியாது, காய்ந்த தேக்கிலை வழுக்கவும் செய்யும்.

இனி கெட்டது. கால்வாயை விரிவுபடுத்திப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தரையிலும் பக்கங்களிலும் காங்கிரீட் போட்ட இடங்களைப் பார்க்கலாம். நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்த வேலை அது. அந்த விவாதம் தனி. சைக்கிள்காரருக்கு இதில் இரண்டு விஷயம். வேலை நடக்கும் பகுதியில் கரை வெட்டுப்பட்டு, லாரி ஓடிக் குழிவிழுந்திருக்கும். முன்கூட்டி விசாரிக்காமல் போனால் பாதி நாள் வீண். மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. காங்கிரீட் சரிவில் பாசி பிடித்து, தண்ணீர் நிறைய ஓடும்போது உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நீச்சல் தெரிந்தவரும் இழுத்துக்கொண்டு போகப்படுவார். தண்ணீர் ஓடும் மாதங்களில் விளிம்பிலிருந்து ஒரு ஆள் அகலம் தள்ளியே ஓட்டுங்கள், இரண்டு பேர் பக்கவாட்டில் பேசிக்கொண்டு போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் கால்வாய் வற்றிய மாதம்தான்.

எந்தக் கரை என்ற கேள்வியும் உண்டு. ஒரு கரையில் ஜீப் போகும் பாதை இருந்தால் மறு கரையைக் கருவேலம் மூடியிருக்கும். அடுத்த மதகு தாண்டியதும் அது மாறிப்போகும். முள் தெரிந்ததும் பிடிவாதம் பிடிக்காமல் பாலத்தில் கரை மாறிவிடுவது நல்லது. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அங்கே நின்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இதுக்கு மேல கரை எப்படி இருக்கு?" என்று கேட்டால் எந்த இடத்தில் உடைப்பு அடைத்தார்கள், எங்கே மண் கொட்டியிருக்கிறது என்று மேப்பில் கிடைக்காத செய்தி அவரிடம் கிடைக்கும்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. கரைக்குக் கீழே வயலுக்கு இறங்கும் பாதைகளில் செயின் வைத்த அறுவடை இயந்திரம் போன தடம் காய்ந்து இறுகியிருக்கும்; அதன் பல்வரிசையில் நாற்பது மில்லிமீட்டர் டயர் மாட்டினால் கை மரத்துப்போகும். நெல் காயப்போட்ட இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. ஒரு சக்கரம் ஏறினால் எத்தனை நெல் போகும் என்று தோன்றலாம். காய வைத்தவருக்கு அது ஈரப்பதக் கணக்கு; கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கப்போகிற நெல். வைக்கோல் போரை ஒட்டி அந்தி நேரத்தில் உட்காராதீர்கள், கண்ணாடி விரியன் இருக்கும்.

விலகி வர வழி இந்தப் பாதையில் நன்றாகவே இருக்கிறது. திருச்சி–தஞ்சாவூர் ரயில் பாதை கூடவே வருகிறது. முடியவில்லை என்றால் பூதலூர் ஸ்டேஷன் பக்கம் விலகலாம். இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பையில் கட்டியோ, லக்கேஜ் வேனில் பதிவு செய்தோ ஏற்ற வேண்டியிருக்கும். அந்தப் பதிவுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றோடு தஞ்சாவூர் வரை ஓட்டி, ரயிலில் திரும்புவது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

## மூன்றாம் வழி: கோடியக்கரை

உண்மையான காடு வேண்டும் என்பவர்கள் இங்கேதான் வந்தாக வேண்டும். வேதாரண்யத்துக்குத் தெற்கே கடல் இரண்டு பக்கமும் வளைக்கிற முனையில், மழையின்றியும் பச்சை மாறாத உலர் பசுமைக்காடு. பாலை மரங்கள், உயரம் குறைந்து, காற்றுக்கு வளைந்து நிற்பவை. 1967-ல் சரணாலயமாக்கியது வெளிமானுக்காக. புள்ளிமான், காட்டில் திரியும் மட்டக்குதிரை, மழைக்காலத்தில் வலசை வரும் பூநாரை என்று வேறு எங்கும் சேர்ந்து பார்க்க முடியாத கூட்டம். 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இங்கேதான் கரையேறிக் காட்டைப் புரட்டிப் போட்டது.

திருச்சியிலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து, பதினைந்து நாளில் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் கும்பகோணம் சுற்றிப் போனதால் தூரம் இன்னும் அதிகம். இன்றைக்குச் சைக்கிளோடு போக நல்ல வழி, ரயிலில் திருத்துறைப்பூண்டி வந்து, 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கிய 37 கி.மீ. பாதையில் அகஸ்தியம்பள்ளி இறங்குவது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும். உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கும் ஊர் அதுதான். அங்கிருந்து கோடியக்கரை பத்து கி.மீ. அளவில், உப்பளங்களைத் தாண்டி.

இங்கே என் கருத்து கறாரானது. சரணாலயத்துக்குள் சைக்கிளை ஓட விடும் எண்ணத்தோடு கோடியக்கரைக்குப் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் எந்தப் பாதை, எந்த நேரம், எந்த வண்டி என்பது வனச்சரக அலுவலகம் சொல்வதுதான். சட்டத்தை விடுங்கள். வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் மிருகம், ஓடுவதுதான் அதன் பாதுகாப்பு. சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் ஜீப்பைவிட அதை அதிகம் மிரட்டும், ஏனென்றால் கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது. வெயில் நேரத்தில் ஒரு மந்தையை விரட்டினால், மிச்சமிருக்கிற கொஞ்சம் புல்லையும் தண்ணீரையும் விட்டு அது ஓடுகிறது. நமக்கு ஒரு நாள் பொழுது, அதற்கு அப்படியில்லை.

வேதாரண்யத்திலிருந்து கோடிக்காடு வழியாகக் கோடியக்கரை வரை பொதுச் சாலை காட்டை ஒட்டியே போகிறது. அதில் மெதுவாக மிதித்துப் போய், சைக்கிளை ஊரில் நிறுத்திவிட்டு, அனுமதிச் சீட்டு வாங்கிக் காட்டைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு. இராமர் பாதம் மேட்டில் நின்றால் சுற்றிலும் காட்டின் தலை சமமாகத் தெரியும். இந்த முனையில் உயரமான இடம் அந்தச் சிறு மேடுதான். வேனிலில் போனால் பாலை மரத்துப் பழமான பாலாப்பழம் கிடைக்கும்.

செலவு அதிகமான வழி இதுதான், அதுவும் பல பக்கத்திலிருந்து. ஒரு இரவு தங்க வேண்டும். மண் பெரும்பாலும் கடல் மணல், மெல்லிய டயர் புதையும். சீமைக் கருவேலம் உள்ளே ஊடுருவிய காடு, ஓரத்தில் முள் நிறைய. எல்லாவற்றையும்விடப் பெரியது உப்பு: உப்பளத்துச் சேறும் கடற்காற்றும் பட்ட செயினைப் போன அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். பேரிங், கேபிள், போல்ட் எல்லாவற்றுக்கும் இதே கதி.

அலையாத்திக் காட்டையும் பார்க்கலாமா என்று கேட்பார்கள். முத்துப்பேட்டைக் காட்டுக்குள் படகுதான், சைக்கிளுக்கு வேலையில்லை.

## ஒரே பார்வையில்

| | தீவுக் கரைகள் | புது ஆற்றங்கரை | கோடியக்கரை |
|---|---|---|---|
| மண் | வண்டல், புழுதி, பாதிக்கு மேல் தார் | செம்மண், சரளை | கடல் மணல், பொதுச் சாலை தார் |
| நல்ல மாதம் | தை முதல் பங்குனி. காலை மட்டும் | தை, மாசி. மழை விட்ட ஆவணி, புரட்டாசி | மார்கழி கடைசி, தை |
| தவிர்க்க | வெள்ளம், ஆடிப்பெருக்கு | தூர்வாரும் காலம், அடைமழை | ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்கள் |
| டயருக்கு எதிரி | பாட்டில் கண்ணாடி | நெருஞ்சி, கருவேல முள் | கருவேல முள், உப்பு |
| ஆபத்து | லாரி, திடீர் வெள்ளம் | கால்வாயில் விழுவது | தூரம், வெயில் |
| அனுமதி | காப்புக்காட்டுக்குள் கூடாது | கரையில் பிரச்சினை இல்லை. வேலை நடந்தால் மறிப்பார்கள் | சரணாலயத்துக்குள் கட்டாயம் |
| ஆகும் நேரம் | ஒரு காலை | ஒரு நாள் | இரண்டு நாள் |

## டயர், காற்று, பஞ்சர்

கிராவல் வண்டி இல்லாதவர்கள் இதற்காக ஒன்று வாங்க வேண்டுமா? தீவுக்கு வேண்டாம். 35 மில்லிமீட்டர் டயர் உள்ள ஹைபிரிடோ, வீட்டில் இருக்கும் எம்.டி.பி. என்கிற மலைச் சைக்கிளோ போதும். புது ஆற்றங்கரையில் 40 முதல் 45 டயர் உள்ள கிராவல் வண்டியின் அருமை தெரியும்: நாற்பது கி.மீ.யை எம்.டி.பி.யில் ஓட்டுவதற்கும் இதில் ஓட்டுவதற்கும் களைப்பில் நல்ல வித்தியாசம். கோடியக்கரை மணலுக்கு மறுபடி எம்.டி.பி.யின் அகல டயர்தான் மேல். ஃபோர்க்கில் டயருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி எவ்வளவு என்று வாங்கும்போதே பாருங்கள். களிமண் ஊரில் அது கியர் எண்ணிக்கையைவிட முக்கியம்.

எழுபது கிலோ எடையுள்ளவர் 40 டயரில் காற்றழுத்தம் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்தால் செம்மண்ணுக்குச் சரி. ரோட்டுப் பழக்கத்தில் 60, 70 என்று அடித்துக்கொண்டு கரைக்கு வருகிறவர்கள்தான் கை வலி, முதுகு வலி என்கிறார்கள்.

ட்யூப்லெஸ் போட்டால் நெருஞ்சியை மறந்துவிடலாம். ஆனால் நம் ஊர் வெயிலில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் (சீலன்ட்) சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும், அதுவும் ஒரு செலவு. டியூப் போட்டவர்கள் இரண்டு டியூபோடு ஒரு சின்னப் பித்தளை அடாப்டரும் வைத்துக்கொள்ளுங்கள். கிராவல் வண்டிகளில் பெரும்பாலும் வருவது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது; அடாப்டர் மாட்டினால் பெட்ரோல் பங்கில்கூடக் காற்று அடிக்கலாம்.

பஞ்சர் ஒட்டிவிட்டு டயரை மாட்டும் முன் உள்பக்கம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். கருவேல முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து நின்றுவிடும். வெளியே தெரியாது, விரலுக்கும் தட்டாது. பஞ்சு அதில் சிக்கி இழை நிற்கும். அந்த இடத்தில் டயரை வளைத்து நகவெட்டியால் பிடுங்கி எடுத்துவிட்டு மாட்டினால் புது டியூப் தப்பும்.

## யாருக்கு எது

வாரத்தில் ஒரு காலைப் பொழுதுதான் கைக்கு வரும், பத்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தீவுதான். மண்ணில் இப்போதுதான் இறங்குகிறவர்களுக்கும், தனியாக ஓட்டும் பெண்களுக்கும் மேலூர்ச் சாலைப் பக்கத்தைத்தான் சொல்வேன். அந்தி சாய்ந்த பிறகு எந்தக் கரையும் வேண்டாம். வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு, போன் வந்தால் அரை மணியில் திரும்ப வேண்டியவர்களுக்கும் இதுவே.

நல்ல பழக்கம் உள்ள இரண்டு மூன்று பேர், முழு நாள் கையில் இருக்கிறது, வண்டியும் கிராவல் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், புது ஆறு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னும் சௌகரியம்: பெரிய கோயில் பக்கமிருந்தே கரையைப் பிடித்து, காலை வேளையில் ஒரத்தநாடு திசையில் போய்வரலாம். மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கோடியக்கரை, காட்டுக்காகப் போகிறவர்களுக்கு. சைக்கிள் அங்கே போய்ச் சேரும் வழி மட்டுமே. பறவை பார்க்கிறவர், படம் எடுக்கிறவர், வேதாரண்யத்தில் இரண்டு நாள் தங்க முடிகிறவர் போகலாம்.

தீபாவளி விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் நிறையப் பேர், அப்போது எங்கே போகலாம் என்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் களியும் சேறும்தான், கால்வாயும் நிறைய ஓடும், கடலோரத்தில் புயல் சின்னம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை விட்ட காலை கிடைத்தால் திருவானைக்காவலிலிருந்து கல்லணை வரை தார் ரோட்டிலேயே போய்வாருங்கள். மண்பாதைக்கான லீவைப் பொங்கலை ஒட்டிப் போடுங்கள்.